“பகிடிக்குத்தான் சேர்”

 

கொஞ்சம் நீண்ட பதிவு. பாடசாலைக்குப் போகும் பிள்ளை உள்ள வீட்டுக்காரராவது கடைசி வரை வாசியுங்கள்.

வகுப்பில் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கும். அழவைத்தது யார் என்று விசாரித்து, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான். “பகிடிக்குத்தான் சேர்.” இத்தனை வருடப் படிப்பிப்பில் வேறு பதில் ஒன்றை நாங்கள் கேட்டதாக ஞாபகம் இல்லை. எங்கள் பேச்சிலும் இதற்கென்று சரியான ஒரு சொல் கிடையாது. பல்கலைக்கழகத்தில் நடந்தால் பகிடிவதை என்கிறோம். பாடசாலையில் அதே காரியம் நடந்தால் ‘வதை’யை விட்டுவிட்டுப் பகிடி என்கிறோம்.

போன காலபோக மழைக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். பாடசாலையின் பெயரை எழுதப்போவதில்லை. யாரும் ஊகித்துக் கீழே எழுதவும் வேண்டாம். சம்பந்தப்பட்டது பிள்ளைகள்.

தரம் 8இல் ஒரு பெடியன். மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, இரண்டு தலைமுறையாக இந்த மண்ணில் வயல் கூலி வேலை செய்யும் குடும்பம். நாலு பேர் சேர்ந்து அவனைப் பிடித்துக்கொண்டார்கள். சைக்கிள் கொட்டிலில் அவனுடைய சைக்கிளுக்கு மட்டும் வால்வைக் கழற்றிக் காற்றுத் திறந்துவிடுவது, வீட்டுக்குப் போகிற வழியில் செருப்பை வாய்க்காலுக்குள் எறிவது, ‘தோட்டக்காட்டான்’ என்று கூப்பிடுவது. பிறகு வாட்ஸ்அப். கொரோனா காலத்தில் ஒன்லைன் வகுப்புக்காக வீட்டுக்கு வீடு வந்த போன்கள் இப்போது வேறு வேலைக்கும் பயன்படுகின்றன. அவன் சோற்றுப்பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது எடுத்த படத்தை ஸ்டிக்கராக்கி வகுப்புக் குழுவில் விட்டார்கள். முப்பத்தைந்து பேர் இருந்த குழு அது. அதில் சிரிப்புப் பொம்மை போட்டவர்களை எண்ணிப் பார்த்தோம். இருபதைத் தாண்டியது.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் முஸ்லிம் பிள்ளைகள். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். எங்கள் ஆட்கள் சிலருக்குக் கோபம் வரும் என்பதும் தெரியும். ஆனால் அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தப் பதிவால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

விசயம் எங்கள் காதுக்கு வந்ததும் ஆசிரியர்கள் வழமையாகச் செய்வதைச் செய்தோம். நாலு பேரையும் காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி ஏசினோம். அவனுடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்க வைத்தோம். அவர்கள் கேட்டார்கள், அவனும் தலையாட்டினான். முடிந்தது என்று நினைத்துப் பாடத்தை ஆரம்பித்துவிட்டோம். இரண்டு நாள் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வாய்க்கால் கரையில் அவனுக்குப் புதுப்பெயர் ஒன்று வைத்தார்கள். ‘காட்டிக்குடுத்தவன்.’

இந்தச் சொல்லுக்கு எங்கள் பகுதியில் என்ன பாரம் என்று வயதான யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் கதை தெரியாது, சொல் மட்டும் தெரிந்திருக்கிறது. இரண்டு கிழமை அவன் பாடசாலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று தாயின் கடிதம் வந்தது. நாங்களும் அதை வாங்கி வரவுப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டோம்.

முறைப்பாடு செய்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை யோசிக்காமல் பெரியவர்கள் தலையிடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரி. 2023 ஓகஸ்ட் மாதம். பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவன் ஒருவனைக் கூடப் படித்த ஆதிக்க சாதி மாணவர்கள் தொடர்ந்து துன்புறுத்தினார்கள். அவன் பாடசாலைக்குப் போவதை நிறுத்தினான். ஆசிரியர்கள் விசாரித்தபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்காக இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. வெட்டியவர்கள் வெளியூர் ரவுடிகள் இல்லை, பாடசாலைப் பிள்ளைகள். இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். அவன் அடுத்த வருடம் பரீட்சை எழுதி நல்ல புள்ளிகளுடன் சித்தியடைந்தான் என்பது ஆறுதல்.

அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பாடசாலைப் பெயர்களில் சாதி கூடாது, சாதியைக் காட்டும் நிறக் கயிறுகளைப் பிள்ளைகள் கையில் கட்டக்கூடாது என்று பல சிபாரிசுகள். அவற்றில் எங்களுக்குப் பிடித்தது, எல்லாச் சமூகப் பிள்ளைகளையும் சேர்த்து ‘சமூகநீதி மாணவர் படை’ ஒன்றை உருவாக்கச் சொன்னது. எண்ணம் நல்லது. பெயர்தான் எங்களுக்கு ஒத்துவராது. சீருடையும் அணிவகுப்பும் படையும் இந்தப் பகுதிப் பிள்ளைகளின் தாய் தகப்பன் போதும் போதும் என்னும் அளவுக்குப் பார்த்துவிட்டார்கள்.

இனி எங்கள் கதைக்கு வருவோம். இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தப் பெடியன் திரும்பி வந்தான். நாங்கள் கூப்பிடவில்லை. வீட்டுக்குப் போனது தரம் 9 பிள்ளைகள் ஏழு பேர். நாலு பெடியன்கள், மூன்று பெண்பிள்ளைகள். வேதக்காரப் பிள்ளைகள், சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் என்று கலந்துதான். அவர்களுக்கு முன்னால் நின்றவன் யார் என்று கேட்டால் சிரிப்பீர்கள். பாடம் நடக்கும்போது பின் வாங்கிலிருந்து விசில் அடிப்பதற்காகக் கிழமைக்கு ஒரு முறையாவது அதிபரின் அறைக்குப் போகிறவன். மாணவத் தலைவர் பட்டியலில் அவனுடைய பெயர் ஒருநாளும் வந்ததில்லை, இனி வரவும் மாட்டாது.

அவர்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. காலையில் அவனுடைய ஒழுங்கைக்கு முன்னால் காத்து நின்று சேர்ந்து சைக்கிளில் வந்தார்கள். பின்னேரம் சேர்ந்து போனார்கள். அவனுடைய சைக்கிளைத் தங்களுடைய சைக்கிள்களுக்கு நடுவில் விட்டார்கள். அவர்களில் இரண்டு பெண்பிள்ளைகளின் தம்பிமார் தரம் 8இல் படிக்கிறார்கள். அந்தத் தம்பிமாரைக் கொண்டு, ஸ்டிக்கரை அழிக்காவிட்டால் குழுவை விட்டுப் போகிறோம் என்று எழுதச் செய்து, எழுதினபடி வெளியேற வைத்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் போனார்கள். கடைசியில் குழுவில் நாலைந்து பேர்தான் மிச்சம். பார்த்துச் சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் யாருக்கு ஸ்டிக்கர் போடுவது?

ஒரு மாதத்துக்குள் அடங்கிவிட்டது. எங்களுக்கு இதெல்லாம் தெரியவந்ததே அந்தப் பெடியனின் தாய் வந்து “அந்தப் பிள்ளையளுக்கு ஒரு நாளைக்குச் சோறு குடுக்கவேணும் டீச்சர், எத்தனை பேரெண்டு தெரியேல்ல” என்று எங்கள் ஆசிரியை ஒருவரிடம் கேட்டபோதுதான்.

இந்தப் பிள்ளைகள் தற்செயலாகச் செய்ததை உலகத்தில் பலர் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். கனடாவின் டொரொன்டோவில் பாடசாலை விளையாட்டு மைதானங்களில் கமெராவும் மைக்கும் வைத்துப் பிள்ளைகளைக் கவனித்த ஆய்வு ஒன்று 2001இல் வெளிவந்தது. துன்புறுத்தல் நடந்த நேரங்களில் நூற்றுக்கு 88இல் வேறு பிள்ளைகள் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். நூற்றுக்கு 19இல் மட்டுமே யாராவது தலையிட்டிருக்கிறார்கள். ஆனால் தலையிட்டபோதெல்லாம், பாதிக்கு மேற்பட்ட தடவை பத்து விநாடிக்குள் அது நின்றுவிட்டது. பத்து விநாடி. நாங்கள் காலைக் கூட்டத்தில் ஏசியது இருபது நிமிடம்.

அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்தில் 2012–13இல் 56 பாடசாலைகளில் இன்னொன்று செய்து பார்த்தார்கள். பாதிப் பாடசாலைகளில் ஒரு சிறு மாணவர் குழுவை எடுத்து, சண்டை சச்சரவைக் குறைக்க என்ன செய்யலாம் என்று அவர்களையே யோசிக்கச் சொன்னார்கள். நல்லது செய்கிற பிள்ளைக்கு அந்தக் குழு செம்மஞ்சள் நிறக் கைப்பட்டி ஒன்றைக் கொடுத்தது. (நாங்குநேரிப் பக்கத்தில் கைக்கயிறு சாதிக்கு, அங்கே கைப்பட்டி நல்ல குணத்துக்கு.) ஒரு வருடத்தில் அந்தப் பாடசாலைகளில் ஒழுங்குமீறல் முறைப்பாடுகள் மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு குறைந்தன. எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த விசயம். அந்தக் குழுவில், மற்றப் பிள்ளைகள் அதிகம் பழகுகிற, அதிகம் கவனிக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்களோ அந்தளவுக்குப் பலனும் கூடுதலாக இருந்தது. ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளைகளைப் பற்றி அதில் பேச்சே இல்லை. எங்கள் விசில்காரன் போன்றவர்கள்தான்.

நாங்கள் செய்யும் பெரிய பிழை இதில்தான் இருக்கிறது. பிள்ளைகளை ஒன்று சேர்க்கிறோம் என்று சொல்லி மாணவத் தலைவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கிறோம். முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, அதிபருக்குத் தெரிந்தவரின் பிள்ளை. அவர்களுக்கு ஒரு பட்டி, ஒரு அதிகாரம். பிறகு அவர்கள் வாசலில் நின்று பிந்தி வருகிற சின்னப் பிள்ளைகளை முழங்காலில் நிற்க வைக்கிறார்கள். இதைப் பார்த்து வளர்கிற பிள்ளை, பெரியவனானால் சின்னவனை நிற்க வைக்கலாம் என்றுதான் படிக்கும். 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர் வரப்பிரகாஷ் பகிடிவதையால் இறந்தார். அடுத்த வருடமே அதற்கென்று 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகும் பகிடிவதை ஒழிந்துவிடவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவன் பதின்மூன்று வருடப் பழக்கத்தை மூட்டைகட்டித்தான் போகிறான்.

கனடாவில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகள் பெப்ரவரிக் கடைசியில் ரோஸ் நிறச் சட்டையோடு பாடசாலைக்குப் போகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது 2007இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் ஒரு பாடசாலையில் தொடங்கியது. புதிதாக வந்த தரம் 9 மாணவன் ரோஸ் சட்டை போட்டு வந்ததற்காகச் சிலர் அவனைக் கேலி செய்து மிரட்டினார்கள். மேல்வகுப்பு மாணவர்கள் டேவிட் ஷெப்பர்டும் டிராவிஸ் பிரைஸும் கடைக்குப் போய் 50 ரோஸ் சட்டைகள் வாங்கி வந்து நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். பாடசாலையே ரோஸ் நிறமானது. இப்போது அது வருடத்துக்கு ஒரு நாள் விழாவாகிவிட்டது. எங்கள் நாட்டிலும் யாராவது ஒரு நிறுவனம் பதாகையும் தேநீரும் கொடுத்து அப்படி ஒரு நாள் நடத்தும். படம் எடுத்துப் போடுவோம். நாங்கள் அதைக் கேட்கவில்லை. அந்த இரண்டு பெடியன்களும் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை, பாதிக்கப்பட்டவனிடம் “நீ முறைப்பாடு செய்” என்று சொல்லவும் இல்லை. அதுதான் முக்கியம்.

இனி, முஸ்லிம் பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஏன் எழுதினோம் என்பது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எங்களில் பலருக்குப் பத்து வயதுகூட இல்லை. மன்னாரிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிப் பக்கம் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள் நாங்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு பாடசாலைக்குப் போனோம். அங்கே எங்களுக்குப் பெயர் இல்லை. ‘அகதி.’ இடாப்பில் பெயர் இருந்தது, ஆசிரியரும் கூப்பிட்டார், ஆனால் தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் அகதிதான். அப்படிக் கூப்பிட்டவர்களும் முஸ்லிம் பிள்ளைகள்தான், ஒரே பள்ளியில் தொழுதவர்கள்தான். அந்த ஊர் எங்களுக்கு இடம் கொடுத்தது, சோறு கொடுத்தது. அதை ஒருநாளும் மறக்கமாட்டோம். பிள்ளைகள் எல்லா ஊரிலும் பிள்ளைகள். எங்களோடு இருந்த ஒருவன் அந்தப் பெயரைத் தாங்க ஏலாமல் தரம் 7உடன் நின்றுவிட்டான். கணக்கில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன். நாங்களும் அப்போது ஒன்றும் செய்யவில்லை. அவனோடு சேர்ந்து நின்றால் எங்களையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள் என்ற பயத்தில் கொஞ்சம் தள்ளித்தான் நின்றோம்.

2009க்குப் பிறகு ஊர் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் இங்கேயும் ‘புத்தளத்தான்’ என்று பட்டிருக்கிறார்கள். அதே வீட்டுப் பிள்ளை இப்போது இன்னொரு பிள்ளையைத் ‘தோட்டக்காட்டான்’ என்கிறது. அந்தச் சொல்லை அது வகுப்பில் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில், கடையில், வயல் வேலைக்கு ஆள் பிடிக்கும்போது பெரியவர்கள் பேசியதைக் கேட்டது.

சூரத்துல் ஹுஜுராத்தின் பதினோராவது வசனம் ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தைக் கேலி செய்வதையும் பட்டப்பெயர் வைத்து அழைப்பதையும் தடுக்கிறது என்பது ஜும்ஆவுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும். அநியாயக்காரனுக்கும் உதவி செய்யச் சொன்ன நபிமொழி ஒன்று உண்டு. அவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டபோது, அவனைத் தடுப்பதுதான் அவனுக்கான உதவி என்று விளக்கம் வந்தது. அந்த ஏழு பிள்ளைகளும் நாலு பேருக்கும் இந்த உதவியைச் செய்தார்கள் என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். மௌலவிமார் இதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரிக் குத்பாவில் சொன்னால் நல்லது. பங்குத் தந்தையர், ஐயர்மார் தங்கள் பக்கத்தில் சொல்வார்கள் என்று நம்புகிறோம்.

“நாங்களும் இதெல்லாம் பட்டுத்தானே ஆளானோம், அடிபட்டால்தான் பிள்ளை உரமாகும்” என்று சொல்பவர்கள் உண்டு. உரமாகி வந்தவர்கள்தான் இதைச் சொல்ல மிச்சமிருக்கிறார்கள். தரம் 7உடன் நின்றவன் இந்தப் பதிவை வாசிக்கப் போவதில்லை. “திருப்பி அடிச்சிட்டு வா” என்று சொல்லி அனுப்பும் வாப்பாமாரும் உண்டு. நாலு பேருக்கு நடுவில் ஒருவன் எப்படித் திருப்பி அடிப்பது என்று அவர்கள்தான் சொல்லவேண்டும். “பிரம்பை எடுங்கோ சேர், எல்லாம் சரிவரும்” என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்வி அமைச்சின் 12/2016 சுற்றறிக்கை பிரம்பைத் தடுக்கிறது. 2021இல் உயர் நீதிமன்றமும் மாணவன் ஒருவனின் காதில் அறைந்த ஆசிரியரின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து நட்டஈடு கொடுக்கச் சொன்னது. சட்டத்தை விடுங்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்பதைப் பிரம்பை வைத்துக்கொண்டு எப்படிப் பிழை என்று படிப்பிப்பது?

இந்தத் தவணை நாங்கள் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். தரம் 6 முதல் 9 வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வெள்ளைத் தாள். பாடசாலையையும் வீட்டுக்குப் போகும் பாதையையும் வரைந்து, பயமான இடத்தில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னோம். பெயர் எழுதத் தேவையில்லை. புள்ளிகள் எங்கே விழுந்தன தெரியுமா? மலசலகூடத்துக்குப் பின்பக்கம், சைக்கிள் கொட்டில், வாய்க்கால் கரை, பின்னேர பஸ்ஸின் கடைசி இருக்கை. எங்கள் ஓய்வறைக்கு முன்னால் ஒரு புள்ளியும் இல்லை. ஆனால் தரம் 6 தாள்களில் மூன்றில், ஒரு வகுப்பறைக்குள், ஆசிரியரின் மேசைக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தது. அது எங்களுக்கு. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பிறகு ஒவ்வொரு வகுப்பிலும், உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரோடு போய் நிற்பீர்கள் என்று இரண்டு பெயர் இரகசியமாக எழுதச் சொன்னோம். கூடுதலாக வந்த பெயர்களை எடுத்தால், அரைவாசிக்கு மேல் மாணவத் தலைவர்கள் இல்லை. அவர்களைத்தான் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம். காவல் பார்க்கச் சொல்லவில்லை. யார் யாருடைய வீட்டு வழியாகப் போகிறார்கள், யார் தனியாகச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து, நீங்களே ஒரு வழி செய்யுங்கள் என்றோம். அடிதடி, காயம், தொட்டுத் துன்புறுத்தல், போனில் படம் என்று வந்தால் மட்டும் அவர்கள் சுமக்கக்கூடாது, உடனே எங்களிடம் வரவேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறோம். எங்களிடம் சொல்லப் பயமென்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. எந்தப் போனிலிருந்தும் எடுக்கலாம். அந்த நாலு இலக்கத்தையும் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

பெற்றோரிடம் கேட்பது மூன்று சின்ன விசயம். வாய்க்கால் கரையில் வயல் வைத்திருப்பவர்கள் பாடசாலை விடுகிற நேரத்தில் பிள்ளைகள் கூட்டமாக நின்றால் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பாருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அது போதும். உங்கள் பிள்ளையின் பெயர் முறைப்பாட்டில் வந்தால் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மற்ற வீட்டு வாசலுக்குப் போகாதீர்கள். போன மாதம் ஒரு வீட்டுக்கு அப்படிப் போனவர்கள் இதை வாசித்தால் அவர்களுக்குப் புரியும். அடுத்த பெற்றோர் சந்திப்புக்கு வாப்பாமார், அப்பாமாரும் வாருங்கள். போன முறை வந்திருந்த 61 பேரில் ஆண்கள் நாலு பேர். அதில் ஒருவர் மனைவியை இறக்கிவிட வந்து, மழை பிடித்ததால் உள்ளே வந்தவர்.